நவம்பர் 19: ஒரே தேதியில் எத்தனை தினங்கள்!

(சங்கத்தின் நவம்பர் மாதச் சந்திப்பில் பேசியது)



செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். குறைவு என்று புகார் சொல்ல முடியாது. 1863-ல் இதே நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திடலில் லிங்கன் பேசியது ஏறக்குறைய இரண்டே நிமிடம். அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் என்பவர் இரண்டு மணி நேரம் பேசினார். யாருடைய பேச்சு நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

இன்று காலை நம் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்திருப்பீர்கள். இந்திரா காந்தி பிறந்த நாள், 1917 என்று ஒருவர் போட்டார். ஜான்சி ராணிக்கும் இன்றுதான் என்றார் இன்னொருவர். 1969-ல் அப்பல்லோ 12 நிலவில் இறங்கியதும், பெலே மரக்கானா மைதானத்தில் தன் ஆயிரமாவது கோலை அடித்ததும் இதே தேதியில். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை யாரும் போடவில்லை. அன்று வாங்கிய பிரியாணி மிஞ்சிப்போனது மறக்குமா!

சர்வதேச ஆண்கள் தினமும் இன்றுதான். டிரினிடாட் நாட்டுப் பேராசிரியர் ஜெரோம் டீலக்சிங் 1999-ல் தொடங்கிவைத்தார். தன் அப்பாவின் பிறந்த நாள் என்பதால் இந்தத் தேதியை எடுத்துக்கொண்டாராம். அதற்கு வந்த கேலிகளை இங்கே படிக்க முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்து, ‘உலகக் கழிப்பறை தினம்’ என்று ஒரு செய்தி. சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகுதான் மனது உறுத்தியது.

சிங்கப்பூரில் ஜாக் சிம் என்பவர் 2001-ல் இதே தேதியில் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். அவரையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 2013-ல் ஐ.நா. சபை இந்த நாளை ஏற்றுக்கொண்டது. அதே 2013-ல்தான் நம் நாட்டில், மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டமும் வந்தது.

எனக்கு உறுத்தியது இதுதான். பல வருடங்களுக்கு முன் நான் குடியிருந்த வாடகை வீட்டில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியோடு உள்ளே இறங்கினார். நான் மாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கூட வந்த பையன் மேலிருந்து “அண்ணே... அண்ணே...” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து “ம்” என்று பதில் வரும். சும்மா கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அந்த “ம்” நின்றுவிட்டால் தெரியவேண்டும் என்றுதான் கூப்பிட்டான் என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாசனையே தெரியாது. ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் மயங்கிவிடுவார். தூக்கப் போகிறவரும் கூடவே விழுவார்.

பாதுகாப்புக் கருவியும் முன்னேற்பாடும் இல்லாமல் ஒருவரை இறக்கினால், முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. சட்டம் இதில் குடியிருப்புச் சங்கம் என்று விலக்கு எதுவும் தரவில்லை.

“மோட்டாரில் துணி மாட்டியிருக்கு சார், இறங்கி எடுத்தா அஞ்சு நிமிஷ வேலை.” இப்படித்தான் ஆரம்பிக்கும். நம் வாட்ச்மேனைக்கூட நாம் கேட்டுவிடுவோம்.

கமிட்டிக்கு இரண்டே கோரிக்கை. லாரிக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில், குழாய் மட்டும்தான் இறங்கும், ஆள் இறங்கமாட்டார் என்று எழுதிவாங்குங்கள். மூடியைத் திறந்து மறுபடி மூடும்வரை நம்மில் ஒருவர் அருகில் நிற்கவேண்டும். நான் ரிட்டயர்டு ஆள், வீட்டில்தான் இருக்கிறேன். அடுத்த லாரிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கடுத்த லாரிக்கு யார் வருகிறீர்கள்?