ஓயாத மணியும் உயிர்க் காவலும்



விளைந்த வயலைக் காப்பவன் பன்றி வரும்போது மட்டும் தகரம் தட்டினால் ஊர் திரண்டு வரும். இலை அசைந்தாலும் எலி ஓடினாலும் இரவெல்லாம் அவன் தட்டிக்கொண்டிருப்பானாயின், மெய்யாகவே பன்றி புகும் இரவில் ஒருவரும் பாயை விட்டு எழார். நமது கமக்காரர் நன்கறிந்த இவ்வுண்மையை உணர்வதற்கு, செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டின் வைத்தியசாலைகள் பல உயிர்களை விலையாகக் கொடுத்தன.

இருதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி ஓர் அரிய காவலன் என்பதில் ஐயமில்லை. ஆயின், நோயாளர் புரண்டு படுத்தாலும், மார்பில் ஒட்டிய மின்வாய் உலர்ந்து கழன்றாலும் அது அபாய மணி அடிக்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வைத்தியசாலையில், 2013 மார்ச்சில், 77 தீவிர சிகிச்சைக் கட்டில்களை 31 நாட்கள் ஆராய்ந்தனர். நாளொன்றுக்குக் கட்டில் ஒன்றில் சராசரி 187 மணிகள் ஒலித்தன! துடிப்புப் பிறழ்வை அறிவித்த மணிகளுள் ஆராயப்பட்ட 12,671இல் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பொய்யானவை.

இதன் விளைவு யாது? 2010 ஜனவரியில், பொஸ்ரன் நகரின் பெரிய வைத்தியசாலையொன்றில் முதியவர் ஒருவரின் இருதயம் தளர்ந்து நின்றது. கட்டிலருகே அபாய மணி நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய மெல்லொலி கடமையிலிருந்த தாதியர் எவர் கருத்திலும் பதியவில்லை. வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு 2013இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதற்கு அறிவிக்கப்பட்ட இத்தகைய சம்பவங்கள் 98; அவற்றுள் 80 மரணத்தில் முடிந்தன.

குற்றம் யாருடையது? தாதியின் அசட்டை என்று கூறி வழக்கை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. நூறு முறை பொய்யுரைத்த மணியை நூற்றோராவது முறை ஐயுறுவது மனித இயல்பன்றோ? பொய்ம்மணி ஓயாமல் ஒலிக்க விட்ட நிர்வாகமே முதற்கண் விடை கூறக் கடமைப்பட்டது.

பரிகாரமும் உண்டு. பொஸ்ரன் மருத்துவ நிலையத்தின் இருதய நோய் விடுதியொன்றில் 2012இல் மணிகளின் எல்லைகளைத் திருத்தியமைத்தனர். செயலெதுவும் வேண்டாத மணிகளை ஒலியாது நிறுத்தினர்; மெய்யான அபாயத்துக்குரியவற்றை உயர்நிலை மணிகளாக்கினர். தாதியர் இருவர் ஒருமித்தால் நோயாளரின் நிலைக்கேற்ப எல்லையை மாற்றும் அதிகாரமும் அளித்தனர். வாரம் 87,823 ஆக இருந்த ஒலி 9,967 ஆகக் குறைந்தது. மின்வாய்களை நாள்தோறும் மாற்றுதலும் பொய்ம்மணியைக் குறைக்குமென வேறோர் ஆராய்ச்சி காட்டியது.

அன்பர்களே! கருவியை வாங்கி மாட்டியதோடு காவல் முடிந்துவிட்டதென்று எண்ணற்க. நம் தாயோ தந்தையோ அக்கட்டிலில் கிடக்கும் நாளில், எந்த மணிக்கு யார் ஓடி வருவார் என்று வினவும் உரிமை நமக்குண்டு. வைத்தியர்களே, அதற்கு விடை தரும் ஒழுங்கை இன்றே அமைத்தல் உங்கள் கடன். குறைய ஒலிக்கும் மணியே நிறைய உயிர் காக்கும்!