ஒரு குழாய், பல கருவிகள்

1897-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம். ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் எலும்புத் துண்டு சிக்கிக்கொண்டது. குஸ்டாவ் கிலியன் என்ற மருத்துவர் வாய்வழியாக நீளமான உலோகக் குழாயை விட்டு அதை எடுத்தார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி பிறந்த கதை அதுதான். அந்த விவசாயி பட்ட பாட்டை நினைத்தால் நமக்கே தொண்டை வலிக்கிறது! 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளைகிற குழாயைக் கொண்டுவந்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

நுரையீரலில் புற்றுநோயா என்று பார்க்க, இன்று அந்தக் குழாய் வழியாக மாதிரி எடுக்கிறார்கள். உப்புநீரை விட்டு உறிஞ்சுவது ஒரு வழி. பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்குக் குட்டித் தம்பி மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்து, செல்களை எடுப்பது இன்னொரு வழி. கிடுக்கியால் சதையைக் கிள்ளி எடுப்பதும் உண்டு.

கட்டி கண்ணெதிரே தெரிந்தால் கிடுக்கிதான் கெட்டிக்காரன். ஆனால் சில கட்டிகள் மேலே செத்த திசுவைப் போர்த்திக்கொண்டிருக்கும். கிள்ளினால் அந்தப் போர்வைதான் கையில் வரும். சில கட்டிகள் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு வெளியே ஒளிந்திருக்கும். அங்கே ஊசிதான். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சுவரைத் துளைத்து எடுப்பார்கள்.

ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும் என்பதால், பெரும்பாலும் இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்தே செய்கிறார்கள். ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சோதனை நடந்து, உங்கள் கையில் இரண்டு பாட்டிலும் நான்கு கண்ணாடித் தகடும் கொடுத்து லேபுக்கு அனுப்பினால், யாருடையதோ கலந்துவிட்டது என்று பதறாதீர்கள். எல்லாம் உங்கள் ஆளுடையதுதான்.