கல் நடும் முன் கேள்!



'கிராமத்துக்குப் புது மனைப்பிரிவு வரும்போது ஊர்க்காரர்கள் எழுப்பும் சந்தேகம் தடையா? துணையா?' துணையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சொன்னார், "வீடில்லாதவன் வீடு கட்ட வர்றான், ஊர்க்காரன் குறுக்கே நிக்கிறான்" என்று. ஐயா, குறுக்கே நிக்கிறது ஊர்க்காரன் இல்லை, ஓடை! (கைதட்டல்)

வரைபடத்துல எல்லாம் சதுரம் சதுரமா அழகாத்தான் இருக்கு. மழைத் தண்ணிக்கு வரைபடம் படிக்கத் தெரியாதே! (சிரிப்பு) ஏரி நிறைஞ்சா கலங்கல் தண்ணி எந்தப் பக்கம் பாயும் என்பது அங்கே மாடு மேய்க்கிற பெரியவருக்குத் தெரியும். "ஏம்ப்பா, வாய்க்காலை மூடிட்டுத் தண்ணிய எங்கே விடப் போறீங்க?" என்று கேட்கிறார். இது தடையா? காசு வாங்காமல் தருகிற ஆலோசனை!

2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்திலே முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள்ளே அடையாற்று வெள்ளம் புகுந்தது. மக்களைப் படகில் வந்து மீட்டார்கள். வீட்டு வாசலுக்குப் படகு வரலாமா ஐயா?

சட்டம் இல்லையா? 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கே. ஆனாலும் மனை பார்க்க இலவச வேன், மதியம் பிரியாணி! பிரியாணி சாப்பிட்டவன் அனுமதி எண் கேட்பானா? (சிரிப்பு) அனுமதியில்லாத மனைகள் பெருகி, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்கே தடை போட்டது. வரன்முறைத் திட்டம் 2017-ல்தான் வந்தது. இடையிலே தவித்தது யார்? மனை போட்டு விற்றவரா? மகள் கல்யாணத்துக்கு ஆகுமே என்று தவணை கட்டி வாங்கி வைத்த தகப்பன்! அன்றைக்கே ஊர்க்காரன் கேட்டிருந்தால், அந்தத் தகப்பனும் பிழைத்திருப்பான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். "வெளியூரான் வரக்கூடாது, இன்ன சாதிக்காரன் வரக்கூடாது" என்றால் அதற்குப் பெயர் சந்தேகமில்லை, வன்மம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நான் சொல்வது நியாயமான கேள்விகளை. குடிதண்ணீர் எங்கிருந்து வரும்? சாக்கடை எங்கே போகும்? பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் நாளைக்கும் பூங்காவாக இருக்குமா, பிளாட்டாக மாறுமா? கிராம சபையில் எழுந்து கேளுங்கள்! கல் நடும் முன் கேட்டால் ஒரு நாள் தாமதம். வீடு கட்டிய பின் கேட்டால் ஆயுளுக்கும் வழக்கு.

ஆகவே, ஊராரின் சந்தேகம், வரப்போகிற குடும்பத்துக்கும் காவலே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)