பலகார அடுப்பு ஒருத்தியின் பொறுப்பல்ல

(தீபாவளிக்கு முன்னர் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் முற்பணத்தையும் பேசும் மேடையில் இன்று எண்ணெய்ச் சட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதுவும் சங்கத்து விஷயம்தான்.

நம் லயத்தில் பலகாரம் எப்போது சுடுகிறோம்? முற்பணம் கைக்கு வந்த பிறகு. அது பிந்தினால் மாவும் எண்ணெயும் வாங்குவது பிந்தும். எல்லா வேலையும் கடைசி இரவில் வந்து குவியும். பகல் முழுதும் கொழுந்து எடுத்தவள் நடுச்சாமத்திலும் முறுக்குச் சுடுகிறாள். கண் சொக்குகிறது. காலடியில் பிள்ளை விளையாடுகிறது. விபத்து அந்த நேரத்தில்தான் வருகிறது.

நாம் இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முழு லயத்துக்கும் ஒரே கூரை. ஒரு அடுப்படியில் பிடித்த தீ பக்கத்துக் காம்பராவுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதில் போய்விடும். இந்தப் பத்திரங்களை ஒரே பையில் போட்டு, அடுப்புக்குத் தூரமாக, கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது மழைக்காலம். விறகு ஈரம். அதற்காக எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தீ போத்தல் வரைக்கும் ஏறி வரும். அடுப்புக்கு மேலே விறகு காய வைத்திருந்தால், பலகாரம் சுடும் முன் இறக்கிவிடுங்கள். ஒழுகும் தகரத்துக்குக் கீழே கட்டிய பொலித்தீனையும் அடுப்புப் பக்கம் கழற்றிவிடுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் புகைந்தால் அது தீப்பிடிக்கும் சூட்டை நெருங்குகிறது. உடனே தணலைக் குறையுங்கள். சட்டியில் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சட்டிக்கு அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. பெரிய மூடியால் மூடுங்கள். காஸை அணையுங்கள், விறகை வெளியே இழுங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். ஆகவே சட்டி ஏற்றும்போதே மூடி பக்கத்தில் இருக்க வேண்டும்.

2021 கடைசியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது? பற்பசை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். நம் ஊர்த் தண்ணீர் குளிர். சிறுபிள்ளை என்றால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்துங்கள். முகம், கை, மூட்டு சுட்டாலும், காயம் பெரிதானாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காசு இல்லை.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முறுக்கு எல்லாருடைய வாய்க்கும் போகிறது. அடுப்பு மட்டும் ஏன் ஒருத்திக்கு? ஒருவர் மா பிசையுங்கள், ஒருவர் பிள்ளையைப் பாருங்கள். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு கோடு போட்டு, பிள்ளைகள் அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லுங்கள். பாடசாலையில் நானும் சொல்கிறேன். எண்ணெய் வேலையைப் பகலில், விடுமுறை நாளில் முடியுங்கள். குடித்தவர் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. முற்பணத்தைப் பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். அம்புலன்ஸ் வர முடியாத லயங்களுக்குப் பண்டிகை இரவில் தோட்டத்து லொறியும் சாரதியும் தயாராக நிற்க வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு துரையிடம் கொடுப்போம்.

மூடி நம் கையில் இருக்கிறது. முற்பணத்தையும் லொறியையும் சேர்ந்து கேட்டு வாங்குவோம். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.