ஹவாயில் செவ்வாய், நாமக்கல்லில் நிலா

ஒர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லிட்டு கோவா போன ஆளுங்க நம்ம டீம்லயே உண்டு. ஆனா விஞ்ஞானிங்க அதுக்கும் மேல. "செவ்வாய் கிரக ஆராய்ச்சி"ன்னு சொல்லி ஹவாய்க்கு டிக்கெட் போடுறாங்க! விண்வெளி வீரர்களுக்குப் பாறைப் பயிற்சியா? ஸ்பெயினோட லான்சரோட்டே தீவு. ரெண்டுமே பீச்சுக்குப் பேர்போன இடம்.

உள்ள போய்ப் பார்த்தா கதை வேற. 2015 ஆகஸ்ட்ல மௌனா லோவா எரிமலைச் சரிவுல ஒரு கூடாரத்துக்குள்ள ஆறு பேர் போனாங்க. ஒரு வருஷம். வெளிய வரணும்னா விண்வெளி உடை மாட்டணும். ஹவாய்ல ஒரு வருஷம் இருந்தும் கடல்ல கால் நனைக்க முடியல!

நம்ம இஸ்ரோ? நிலாவைத் தேடி நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைக்குப் போனது. அங்கே கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலாவோட மேட்டுநிலப் பாறை மாதிரியே இருக்கும். அதை அரைச்சுப் பரப்பித்தான் சந்திரயான்-2 ரோவரை ஓட்டிப் பார்த்தாங்க. பீச் கிடையாது, டீயும் வடையும்தான்.

அரியலூர்க்காரன் எனக்கு இதுல ஒரு சின்ன வருத்தம். பத்து கோடி வருஷத்துக்கு முன்னால நம்ம பக்கம் கடல். கல்லுல அம்மோனைட் ஓடு இன்னும் இருக்கு. இங்க வர்ற புவியியல்காரங்களும் பீச்சுக்குத்தான் வர்றாங்க, என்ன, பத்து கோடி வருஷம் லேட்! அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் நாம சிமெண்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கோம். வெட்டினது திரும்பி வராது.

வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் பிள்ளைங்களோட போயிட்டு வாங்க. லீவ் லெட்டர்ல "கடலோர ஆராய்ச்சி"ன்னே எழுதலாம். பொய் இல்ல!