காய்ச்சலும் குழாய்த் தண்ணீரும்



நம் நாட்டில் இரத்தக் கசிவு டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாகக் காணப்பட்டது 1962 ஆம் ஆண்டில், இந்தப் பினாங்கில்தான். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேர்த்து வைத்த தெளிந்த நீரில் முட்டையிடும். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டார் தொட்டியிலும் சாடியிலும் நிரப்பி வைக்கிறார்கள். இது சோம்பலா? வேறு வழியில்லாமை!

தோட்டத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் மங்கில் மழைநீர் நின்றாலும் கொசு பிறக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும்.

ஆகவே தொட்டியை மூடுவதும், வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவதும், மங்கைக் கவிழ்ப்பதும் நம் கடமை. நாள் முழுதும் குழாய்த் தண்ணீரும், தவறாமல் குப்பை அள்ளுவதும் நம் உரிமை. கடமையைச் செய்வோம், உரிமையை ஒன்றுபட்டுக் கேட்போம்!