ஃபைல் இல்லாமல் ஒரு நாள் பட்டணம் போவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடனைப் பத்தியும் வசூலைப் பத்தியும் மாசா மாசம் பேசுகிறோம். இன்னைக்கு ஊர் சுற்றுவதைப் பத்திப் பேசப்போகிறோம். சிரிக்காதீங்க, இதுவும் நம் வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நம்மில் பட்டணம் போகாதவர் யார்? தாம்பரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கோம். கையில் என்ன இருந்தது? ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க் ஃபைல், பிள்ளையோட சர்டிபிகேட், இல்லாட்டி சந்தைக்கு எடுத்துப்போன மூட்டை. காரியம் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். வீட்டுக்காரருக்குப் பல மாதம் வைத்தியம் பார்த்த ஒரு அக்கா சொன்னாங்க: "தாம்பரத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாத்திரை குடுக்கிற ஜன்னலும் பஸ் நிக்கிற இடமும்தான்." நம்மில் பல பேருக்கு இதுதான் நிலைமை.

ஆண்கள் "சும்மா போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்பலாம். நாம் கிளம்பினால் "என்ன வேலையா போறே?" என்று கேள்வி வரும். அதற்குப் பதில் வைத்திருந்தால்தான் செருப்பு மாட்ட முடியும். குழு ஆரம்பித்த புதிதில் கூட்டத்துக்குப் போவதையே இப்படித்தான் கேட்டார்கள். இன்று கேட்பதில்லை. அதேபோல இதையும் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். நமக்குத் தெரிந்த அதே இடங்களுக்கு, காரியம் எதுவும் இல்லாமல் ஒரு நாள் மறுபடியும் போய் வரவேண்டும். எங்கெங்கே போகலாம் என்று ரயில் பாதை வழியாகவே சொல்கிறோம், மனதில் நிற்கும்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். நம் பாட்டி காலத்து ரயில். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. டிக்கெட் ஒரு டீ, வடை செலவுதான். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆகவே பட்டணம் நம் பக்கம் நடந்து வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

தாம்பரத்துக்கு அடுத்த நிறுத்தம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928இல் காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆரோக்கிய நிலையம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். அந்தக் காலத்தில் காசநோய்க்கு இன்றுள்ள மாத்திரை கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்துள்ள சாப்பாடு, ஓய்வு, இவைதான் மருந்து. அதனால்தான் ஊருக்கு வெளியே மரங்கள் நிறைந்த இடமாகப் பார்த்தார்கள். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. 1990களில் எச்.ஐ.வி. என்றாலே ஊர் ஒதுக்கி வைத்தபோது, அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியும் இதுதான். பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் வந்தது. மூட்டுவலிக்கு அங்கே போய் வந்த அக்காமார்கள் இங்கேயே இருக்கீங்க. அடுத்த முறை அந்த மரங்களையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க.

அடுத்து குரோம்பேட்டை. தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர். அதைத் தாண்டினால் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தை நமக்குப் பழக்கம்தான். செடி, பாத்திரம், பழைய சாமான் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த மண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1863 மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியை எடுத்தார். ஆதி மனிதர்கள் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் அவ்வளவு பழைய மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரமே அந்தக் கல்தான். அவர் சேகரித்த கருவிகளை 1904இல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. நம் அம்மிக்கல்லுக்குக் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்க.

திரிசூலம் நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். இன்னொரு பக்கம் மலை, சோழர் காலத்துச் சிவன் கோயில். கோயிலில் கும்பிட்டுவிட்டு விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் பரங்கிமலை. உச்சியில் இருக்கும் மாதா கோயிலைப் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டினார்கள். எல்லா மதத்தாரும் போகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும், முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது. 1802இல் லாம்டன் என்ற அதிகாரி சங்கிலி போட்டு இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்த மலைப் பக்கத்திலிருந்துதான். பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவை வேலையின் தொடர்ச்சியே. மேலே நின்று பார்த்தால் இத்தனை வருஷமாக நாம் சந்து சந்தாக அலைந்த ஊர் மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். அதற்காகவே ஒரு தடவை ஏறணும்.

கிண்டியில் இறங்கினால் பஸ்ஸில் கோட்டூர்புரம் போகலாம். அங்கே 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஒன்பது தளம். பெரிய கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்ததும் "நம்மை உள்ளே விடுவாங்களா" என்று தயங்குவோம். விடுவார்கள், கட்டணமும் கிடையாது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, பார்வை இல்லாதவர்களுக்குப் பிரெய்ல் பகுதி, சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கத் தனி இடம் எல்லாம் உண்டு. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்க. அடுத்த முறை அதுங்களே போகும்.

மாம்பலத்தில் இறங்குவது எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, ரங்கநாதன் தெரு! 2023இல் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை போட்டிருக்கிறார்கள். நெரிசலில் மாட்டாமல் மேலேயே நடந்துவிடலாம். நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. குழுப் பெண்கள் செய்த பொருட்களை விற்பதற்கான அரசு வளாகம் இது. நவராத்திரி, தீபாவளி சமயங்களில் கண்காட்சி நடக்கும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. மற்ற மாவட்டத்துக் குழுக்கள் எப்படி பாக்கெட் போடுகிறார்கள், என்ன விலை வைக்கிறார்கள் என்று பார்த்து வாங்க. நம் ஊறுகாய்க்கும் மசாலாப்பொடிக்கும் அது உதவும்.

கடைசியில் மெரினா. பார்க் நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி போய் நடக்கலாம். கடற்கரைச் சாலையில் ஔவையாருக்கும் கண்ணகிக்கும் 1968இல் வைத்த சிலைகள் உண்டு. கண்ணகி சிலை 2001இல் எடுக்கப்பட்டு, 2006இல் திரும்பவும் வைக்கப்பட்டது. 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையையும் நின்று பாருங்க. நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். நான்கு பேரும் ஆண்கள். நாற்று நட்டு, செங்கல் சுமந்து, கல் உடைக்கும் நாம் அதில் எங்கே என்று அங்கேயே உட்கார்ந்து பேசுங்க. அலை வரை நடக்க முடியாதவர்களுக்காக 2022இல் மரப்பாதை போட்டார்கள். முட்டிவலிக்காரப் பாட்டிகளை "நீ வேண்டாம்" என்று விட்டுவிட்டுப் போகவேண்டாம்.

"எல்லாம் சரி, காசுக்கு எங்கே போறது?" என்று கேட்பீங்க. கணக்குப் போடுவோம். வாரம் 10 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் ஆறு மாதத்தில், அதாவது 26 வாரத்தில், ஆளுக்கு 260 ரூபாய். சேமிப்பிலும் சுழல்நிதியிலும் கை வைக்கவேண்டாம், உள்கடனும் வாங்கவேண்டாம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களுக்கு மட்டும்தான். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க. கட்டுச்சோறு எடுத்துப்போனால் ரயில் டிக்கெட்டுக்கும் மற்ற செலவுக்கும் இந்தப் பணம் தாராளம். எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீங்க. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை உண்டு, எழும்பூர் அருங்காட்சியகம் அன்று விடுமுறை. இதையும் பார்த்து நாள் குறிங்க.

இன்னொன்று. வெளியே போனால் கழிப்பறைக்குப் பயந்து பலர் தண்ணீரே குடிப்பதில்லை. அது உடம்புக்குக் கேடு. ரயில் நிலையத்தில் இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று முதலில் விசாரியுங்க, கூச்சம் வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் சேர்வது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்க. பெண்களுக்கான உதவி எண் 181, ரயிலில் 139. எல்லாரும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்க.

"ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்கள் சேர்ந்து ஊர் பார்க்கப் போவது" என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. குழுத் தீர்மானம் என்று சொன்னால் வீட்டில் மறுபேச்சு குறையும். இதுவரை காரியத்துக்குக்கூட பட்டணம் போகாத உறுப்பினர் யாராவது இருந்தால் அவங்க பெயரை முதலில் எழுதுங்க. நாள் குறித்ததும் எங்களுக்கும் சொல்லி அனுப்புங்க, முடிந்தால் நாங்களும் கூட வருகிறோம். திரும்பி வந்து, பார்த்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லணும், இந்த மடலுக்கும் எழுதி அனுப்பணும்.

நல்லபடியா போயிட்டு வாங்க.